நோர்பரி வீட்டில் அடைத்துவிட்ட மூலை

ஜனவரி 20, செவ்வாய்

போன ஓகஸ்டில் குளிர் இறங்காமலிருக்க நான் கூரைக்குள் பஞ்சு போட்ட நோர்பரி வீட்டுக்கு இன்று திரும்பப் போனேன். வீட்டுக்கார அக்கா மகளின் அறைக்குக் கூட்டிப்போய் மூலையைக் காட்டினார். கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. கூரை சுவரில் வந்து இறங்கும் ஓரத்தில் காற்று போக வழி வேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பஞ்சு அதை மூடாமல் இருக்க, மரங்களுக்கிடையே பிளாஸ்டிக் தட்டு செருகிவிட்டுத்தான் பஞ்சு போட வேண்டும். அன்று உள்ளே சரியான வெக்கை. கடைசி மூலைக்குள் வயிற்றால் ஊர்ந்து போக எனக்கு மனமில்லை. அக்கா வீடு கூட்டும் தும்புத்தடியை வாங்கி, தட்டு வைக்காமலே பஞ்சை ஓரம்வரை குத்தித் தள்ளினேன். கம்பெனிக்கு அனுப்பும் படத்துக்கு, தட்டு வைத்த பக்கத்தையே இரண்டு தரம் எடுத்தேன்.

இன்று நான் வாய் திறக்க முதலே அக்கா சொன்னார்: "என்னிலதான் பிழை தம்பி. உடுப்பெல்லாம் உள்ளுக்குத்தான் காயப் போடுறனான்."

"ஓம் அக்கா, இரவில யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கோ" என்றேன்.

எவ்வளவு சுகமாக வந்தது அந்த "ஓம்". பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு, அவர் தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது இரவு; வெளியே கார்க் கண்ணாடிகள் பனியில் உறைந்து கிடக்கின்றன. சற்று முன் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: "நீங்கள் சொன்ன மாதிரி யன்னல் திறந்திருக்கு தம்பி. பிள்ளைக்கு ரெண்டு போர்வை போட்டிட்டன்."

பதிலுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினேன்.