உன் பெயரில் என் ரத்தம்

ஜனவரி 19

குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. புது ஊரும் புது லேப்பும் பழகிவிட்டதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் உன் அண்ணியின் காது பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கும், அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு. பதிலை டிப்போவுக்கே அனுப்பு.

நல்ல சேதிதான். நேற்று டிப்போ டாக்டர் என் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து எல்லா டிரைவர்களுக்கும் காட்டினார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் இவரைப் போலக் கட்டுக்குள் வைத்திருப்பவர் யார் என்று கேட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, உன் ரத்தம் முதல் தரம். எங்கள் டிப்போவுக்கு ரத்தம் பார்க்கிற லேப்பில் நீ இருந்த இரண்டு வருஷமும் என் பெயர் ஒட்டிய குழாயில் உன் ரத்தத்தை நிரப்பித் தராவிட்டால், என்னை எப்போதோ இன்சுலின் ஊசிக்கு மாற்றியிருப்பார்கள். ஊசி போடுகிறவனுக்கு இங்கே ஸ்டியரிங் கிடையாது. வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, போகிற வருகிற பஸ்ஸை எண்ணச் சொல்வார்கள். நானா அதற்கு?

இன்னொன்றும் நடந்தது. ரிப்போர்ட் இவ்வளவு நன்றாக இருப்பதால் ஒரு மாத்திரையை நிறுத்தி, மற்றொன்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வயிறு இப்போது நிம்மதியாக இருக்கிறது.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாத்திரையைக் குறைத்தது எனக்கு, அண்ணா. டாக்டர் பார்த்தது என் ரத்தத்தை. விழுங்குவது நீ.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். உன் நிஜ ரத்தத்தையும் யாருக்கும் தெரியாமல் மிஷினில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எனக்கு ஐந்தரை, ஏழுக்குள் இருக்க வேண்டிய உனக்குப் பதினொன்று. சிறுநீரில் புரதமும் இறங்கியிருந்தது. அது சிறுநீரகம் கொடுக்கிற முதல் குரல். நான் உன்னிடம் வந்து "கொஞ்சம் அதிகமா இருக்குண்ணா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வலிக்கவில்லை என்பாய். இது வலிக்காத நோய். கண்ணும் காலும் சிறுநீரகமும் சத்தம் போடாமல் போகும், அதனால்தான் வருஷா வருஷம் ரத்தம் எடுக்கிறார்கள். நாம் அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டோம். தயவுசெய்து வேறொரு டாக்டரிடம் போ, புதிதாக ரத்தம் கொடு. பழைய அளவு மாத்திரையை நாளைக்கே கேட்டு வாங்கு.

குட்டி


மார்ச் 12

குட்டிக்கு,

நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டுவாய். போகிறேன், போகிறேன். இந்த மாதம் ஷிப்ட் மாறி மாறி வருகிறது, லீவு கேட்டால் எதற்கு என்று கேட்கிறார்கள். டீயில் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. டிப்போவை மூன்று சுற்று நடக்கிறேன், என் கண்டக்டர் சாட்சி.

பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம்தான். அதுவரை தள்ளிவிட்டால் போதும். ஸ்டியரிங் போனால் நான் யார், சொல்? இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

கண்ணாடியை மாற்ற வேண்டும். சைடு மிரரில் நூலாம்படை மாதிரி ஏதோ ஆடுகிறது, துடைத்தாலும் போவதில்லை. வயசாகிறது, வேறொன்றுமில்லை.

உன் அண்ணி ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள். என் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். அந்தச் சந்தோஷத்தையும் கெடுக்கச் சொல்கிறாயா?

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

அந்த நூலாம்படை மிரரில் இல்லை. உன் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. உன் கையெழுத்தும் கோட்டைத் தாண்டிப் போகிறது. அச்சடித்த மாதிரி எழுதுகிறவன் நீ.

உன் பஸ்ஸில் நாற்பது பேர் ஏறுகிறார்கள். என்னால் தூங்க முடியவில்லை. டிப்போ டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், தபாலில் சேர்க்கவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் அனுப்புவேன். என் வேலை போகும், இந்தத் தொழிலில் எங்கேயும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் இது எதுவும் தெரியாது. போகட்டும்.

குட்டி


ஏப்ரல் 2

அனுப்பு. அனுப்பிவிட்டு எனக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்தான் என்பதையும் மறந்துவிடு. நான் கேட்டேன், நீ கொடுத்தாய். கொடுக்கும்போது தெரியாத நியாயம் இப்போது எங்கிருந்து வந்தது?

இனி எனக்கு எழுதாதே.


அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். ஆறு மாதம் எழுதவில்லை.

நான் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. உனக்குப் பயந்து என்று சொன்னால் அது பொய். என் வேலைக்குப் பயந்தேன். ஏப்ரல் முடிந்தது, மே முடிந்தது, மேஜை டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறை கண்ணில் படும், மூடிவிடுவேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். தினமும் முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய சர்க்கரையைப் பார்த்து உண்மையை எழுதுகிறேன். என் சொந்த அண்ணனுக்கு மட்டும் இரண்டு வருஷம் பொய் எழுதினேன்.

உனக்கு உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறாய் என்று போன வாரம் அண்ணி போனில் சொன்னார்கள். வெறும் அசதி என்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று குரலிலேயே தெரிந்தது. அண்ணா, ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டாதே. அது உன் ரத்தம் இல்லை என்று சொல். என் பெயரைச் சொல்வதானாலும் சொல். நான் வருகிறேன், பக்கத்தில் நிற்கிறேன். ஒரு வரி எழுது, போதும்.

என்றும் உன்
குட்டி


அக்டோபர் 25

நீ டிப்போவுக்கு எழுதிய கடிதத்தை அவருடைய கண்டக்டர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார்.

உன் அண்ணனுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னேன். "வச்சிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கேட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்து நானே பிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். நான் முழுவதையும் படித்து முடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பெருமையாக எடுத்து நீட்டியது நான்தான். சர்க்கரை இவ்வளவு நன்றாக இருக்கிறவருக்குக் கண்ணும் சிறுநீரகமும் ஏன் இப்படி ஆயின என்று டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வேறு ஏதோ வியாதி என்று பதினேழு நாள் தேடினார்கள். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்ததைக்கூட, அப்போதிருந்த காய்ச்சலில் திடீரென்று ஏறியிருக்கும் என்றார்கள். மூன்று மாதச் சராசரியையும், சிறுநீரகம் கெட்டால் அது சரியாகக் காட்டாது என்று தள்ளிவிட்டார்கள். அத்தனை நாளும் அவர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. உன் வேலை போய்விடுமாம்.

இப்போது சிறுநீரகம் கால் பங்குகூட வேலை செய்யவில்லை. இனி அது திரும்பாது, இருப்பதை எத்தனை மாதம் ஓட்டலாம் என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷின்தான்.

இந்த இரண்டு வருஷமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தாளை நம்பி, அளந்து பரிமாறுவதை விட்டேன். அவர் கேட்டபோதெல்லாம் இனிப்பு வைத்தேன். என் கையால் வைத்தேன். அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

நேற்று டாக்டரிடம் அது அவருடைய ரத்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன். யாருடையது என்று கேட்டார். தெரியாது என்றேன். உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவ மேல கோவப்படாதே, கேட்டது நான்தான்" என்றார். கேட்டது அவர்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் பதினொன்று என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஒரு தடவை, என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம்.

அவர் உனக்குச் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: அவருக்கு உன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லையாம், நீ வர வேண்டாமாம். வந்தால் அழுது எல்லோரிடமும் சொல்லிவிடுவாயாம்.

இனி நான் சொல்வது. கடிதம் எழுதாதே. நீ எழுதினால் அவருக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அது என்னால் முடியாது.

உன் அண்ணனின் மனைவி