மெக்கானிக் வீட்டு ஸ்கூட்டருக்குப் புது லைட்

ராங்கிக்காரிக்கு,

எழுப்ப மனசில்லை, பட்டறைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. ஸ்கூட்டர் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

உங்க ஆபீஸ் கேஷியர் நேத்து மாட்டிவிட்ட எல்இடி ஹெட்லைட்டைப் பாத்தேன். எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சிரும், அவ்வளவு தூக்கலா இருந்துச்சு. இறக்கி வச்சேன். ஸ்க்ரூவும் லூஸு, முடுக்கிட்டேன்.

ஊர் வண்டிக்கெல்லாம் லைட் மாத்துறவன் நான். என் பொண்டாட்டி வண்டியில இன்னொருத்தன் கை வைக்கிறதா? வயிறு எரியுது. நாலு மாசமா நீ கேட்டே, நாளைக்கு நாளைக்குன்னு நான்தான் இழுத்தடிச்சேன். சரி, தப்புதான். அதுக்காக ஒரு கேஷியரா?

ராத்திரி சாப்பிட வருவேன். பேசாம இருந்துடாதே.

பி.கு.: லைட் தூக்கல், ஸ்க்ரூ லூஸுன்னதெல்லாம் பொய். அரை மணி நேரம் தேடியும் ஒரு குறைகூடக் கிடைக்கலை. நல்லாத்தான் மாட்டியிருக்கான், பாவி.