மொலீசேயில் குடித்த வைன்

மொலீசே, இத்தாலி
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்னெஸுக்கு,

நலமாயிருக்கிறேன். நீரும் நலமென்று நம்புகிறேன். போனில் கதைத்தால் மூன்றாம் வசனத்திலேயே சண்டை வருகிறது. அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன்.

நான் இப்போது மொன்றியலில் இல்லை. என் வீட்டுக்காரர் தொனாத்தோ எண்பது வயதில் பிறந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டார். பிள்ளைகளுக்கு நேரமில்லை. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார். இரண்டு வருடமாக அவருடைய பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் நான் வந்தேன். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கிப் பழகிய கைதானே.

இந்த மாகாணத்தை இத்தாலிக்காரரே அறியார். 'மொலீசே என்று ஒன்று இல்லை' என்பது அவர்களுடைய பகிடி. உரோமைக்கும் பாதுவாவுக்கும் யாத்திரை வரும் நம் பங்கு மக்கள் பஸ் ஜன்னலால்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. தின்தீலியா என்று ஒரு கறுத்த திராட்சை. காய்ப்புப் போதாது என்று ஒரு காலத்தில் பிடுங்கி எறிந்தார்களாம். சில பிடிவாதக்காரர்கள் மட்டும் வைத்திருந்திருக்கிறார்கள்.

நேற்றுப் பழம் பறித்தோம். மத்தியானம் தொனாத்தோவின் தங்கை எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். குடித்தேன். முதலில் நாவற்பழத் துவர்ப்பு, பிறகு தொண்டையில் மெல்லிய மிளகு. நல்லது ஒன்றைக் கண்டால் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

பேரனின் ஞானஸ்நானத்துக்கு வரும்படி றொஷினியிடம் சொல்லி அனுப்பியிருந்தீர். 27ஆம் தேதி மொன்றியலில்தான் இருப்பேன். ஆனால் வரமாட்டேன். றொஷினியின் கலியாணத்தில் கேக் வெட்டியதும் வைன் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துவது பெண்ணின் தகப்பன் வேலை. அதை உம்முடைய அண்ணர் றெக்ஸுக்குக் கொடுத்தீர். பட்டம் பெற்றும் பெட்டி தூக்குகிறவன் பேசினால் சபைக்கு அழகில்லை என்று நினைத்தீராக்கும். நான் உட்கார்ந்து கைதட்டியது ஒருமுறை போதும்.

மரியதாசன்


பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
9 ஒக்டோபர் 2024

றொஷினியின் அப்பாவுக்கு,

மாதா துணை. குடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் பிறகுதான் வாசித்தேன். மடுமாதாவுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு என்னாவது?

கோயிலில் உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். எங்கள் பங்கு யோசெப்பீன் அக்கா பக்கத்தில் நின்றா. "ஆருக்கு, மனிசனுக்கோ? விட்டிட்டுப் போன மனிசனுக்கும் திரி கொளுத்திறியோ? உனக்கென்ன விசரே?" என்றா. "ஓம் அக்கா, விசர்தான்" என்றேன்.

அங்கே மலைக்குளிராக இருக்கும். காதை மூடிக்கொள்ளுங்கள்.

அக்னெஸ்


மொலீசே
10 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்னெஸுக்கு,

வாக்கைப் பற்றிக் கேட்டீர். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனபின், மடுக்கோயிலில் முழங்காலில் நின்று மனத்துக்குள் சொன்னது அது. ஒரு பிள்ளையைத் தா தாயே, அதுவரை குடியைத் தொடமாட்டேன் என்றேன். றொஷினி பிறந்ததோடு அந்த வாக்கு முடிந்தது. அதன்பின் குடிக்காமலிருந்தது பக்தியால் அல்ல. மன்னாரில் அன்று கசிப்புச் சாராயத்தைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. மொன்றியலில் குடித்தவர்களின் பேச்சைக் கேட்டே வெறுத்துப்போனேன். ஆகவே மாதாவுக்கு நான் கடன்காரனில்லை.

தொனாத்தோ எட்டிப் பார்த்து, "இது மனிசிக்கா, வக்கீலுக்கா?" என்று கேட்கிறார்.

மரியதாசன்


பியர்பொன்ட்ஸ்
12 ஒக்டோபர் 2024

றொஷினியின் அப்பாவுக்கு,

அன்று கோயிலால் வெளியே வந்து, குடியை விடுவதாக நேர்ந்திருக்கிறேன் என்று மட்டும்தான் சொன்னீர்கள். ஒருவர் மாதாவிடம் சொன்னதை மற்றவர் துருவிக் கேட்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆயுளுக்கும் என்றே நினைத்திருந்தேன்.

கலியாணத்தில் கிண்ணத்தோடு உங்களை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சபை பார்க்க உயர்த்திவிட்டு வாய் வைக்காமல் வைத்தால் மகளுக்குக் குறை. வாய் வைத்தால் வாக்கு முறிந்துவிடும். நான்தான் றெக்ஸ் அண்ணையைக் கெஞ்சினேன். "மச்சான் கோவிப்பார், என்னை ஏன் இதுக்கை இழுக்கிறாய்?" என்றார். "நேர்த்தியைப் பற்றி அவரோடை கதையாதையுங்கோ அண்ணை" என்று கேட்டேன். அவர் இன்றுவரை கதைக்கவில்லை. நீங்கள் என்னிடம் ஏன் என்று கேட்கவுமில்லை. அடுத்த கிழமை பெட்டியோடு போய்விட்டீர்கள்.

பெட்டி தூக்குவது எனக்கு ஒருநாளும் குறைவாகப் பட்டதில்லை. வேலையால் வரும்போது உங்கள் சட்டையில் கொத்தமல்லி வாசம் இருக்கும். இப்போது இந்த வீட்டில் சோப்பு வாசம் மட்டும்தான்.

அக்னெஸ்


மொன்றியல்
21 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்னெஸ்,

திரும்பிவிட்டேன். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. இரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்த கோபம் போ என்றால் உடனே போகிறதா? நீர் என் வாக்கைக் காத்துக்கொண்டிருக்க, நான் உம்மைத் திட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

றெக்ஸின் பேச்சு நீளம் என்ற கருத்தில் மாற்றமில்லை. இருந்தாலும் அவருக்குக் கைகொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? பஸ் பிந்தினால் கோயிலில் பின்வரிசையில் இருந்துகொள்கிறேன்.

உமது
மரியதாசன்


பியர்பொன்ட்ஸ்
22 ஒக்டோபர் 2024

என் அன்புள்ள றொஷினியின் அப்பாவுக்கு,

பின்வரிசையும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். ஞாயிறு காலை எட்டரைக்கு ஜான்-டலோன் மெற்றோ வாசலில் நில்லுங்கள். நான் காரில் வருகிறேன்.

ஓம், நான்தான் ஓட்டி வருகிறேன். நீங்கள் போனபின் படித்தேன். பெருந்தெருவில் இன்னும் ஓரமாகத்தான் போவேன். ஆகவே பக்கத்தில் இருந்துகொண்டு "மெல்ல, மெல்ல" என்று சொல்லக்கூடாது. றொஷினியின் மாமியார் தடல்புடலாகச் சமைக்கிறா. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பூசை நீளும்.

நீங்கள் திரும்பிப் போவதைப் பற்றிப் பேந்து பார்ப்போம். விருந்து முடிய இருட்டிவிடும், எனக்கு இருட்டில் ஓட்ட இன்னும் வராது.

அக்னெஸ்