ஐந்தாவது கோயில்

அம்மாவுக்கு,

கும்பிட்டு எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் நலம். போன வாரம் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் உள்ளங்கையைக் கொஞ்சம் பதம்பார்த்துவிட்டது. "நெருப்பு சாமி உன்னை மறக்கலடா" என்று அறை நண்பன் சிரித்தான். ஆறிவிட்டது, பயப்படாதே.

மண், நீர், நெருப்பு, காற்று என்று நாலு கோயிலுக்கும் அப்பாவும் நீயும் போய்வந்தீர்கள். ஆகாயக் கோயிலை மட்டும் அப்பா எனக்காகத் தள்ளிவைத்தார். லீவு இல்லை என்று நான் சொன்னபோதெல்லாம், "ஆகாயம் எங்கடா ஓடிப்போகப் போகுது? நீ வந்ததும் போவோம்" என்பார். ஆகாயம் அங்கேயேதான் இருக்கிறது. அவர் காரியத்துக்குக்கூட எனக்கு லீவு கிடைக்கவில்லை.

இனி எனக்காகக் காத்திருக்காதே. சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா. அங்கே திரையை விலக்கினால் உள்ளே சிலை இருக்காதாம், வெறும் வெளிதானாம். நீ திகைக்க மாட்டாய். அப்பாவின் நாற்காலியை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஊருக்கு லீவில் வந்திருக்கும் இன்னொரு நண்பன் அடுத்த வாரம் இங்கே திரும்புகிறான். அவனிடம் அப்பாவின் நீலச் சட்டையைக் கொடுத்தனுப்பு. துவைத்துவிடாதே அம்மா.

உன் மகன்