இரண்டாவது வெட்டு

அபுராசா,
16 செப்டம்பர் 1996

என் மகன் க்வாமெனாவுக்கு, அம்மா அபா மன்சா எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் சுகம்தானே? முதலில் பிள்ளைகள் சேதி. உன் பெரியவள் லண்டனில் டாக்டர் பரீட்சை தேறியதை மீன் சந்தையில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டேன். உன் தங்கை எசியின் மூத்தவள் கேப் கோஸ்டில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். அடுத்தவன் ஃபீஃபி சொந்தப் படகு இறக்கினான். முதல் வலையிலேயே படகு தாழ மீன். கடைக்குட்டி அமாவுக்குக் கணக்கில் மாவட்டத்திலேயே முதலிடம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மகன் மாஜிஸ்ட்ரேட் ஆகி, ஹைகோர்ட்டுக்குப் போய், இப்போது அப்பீல் கோர்ட்டில் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எசியின் மகன் ஏகோவின் பெயரைக் கடைசிக்கு வைத்தேன். அவன் லாக்கப்பில் இருக்கிறான். போலீஸ்காரர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் முன்பற்கள் போய்விட்டன. எசி கொண்டுபோகும் சோற்றை மெல்ல முடியாமல் அழுகிறானாம்.

திருவிழாவில் நீயும் பெரியவர்கள் பந்தலில்தான் நின்றாய். ஆனாலும் ஊர் பேசுவதை எழுதுகிறேன். நம் ஊரின் இரண்டு பழைய காவல் படைகளில் ஒன்று புதுக்கொடி தைத்தால் எதிர்ப் படையிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும். இரண்டாம் படைக்காரர்கள் இந்த வருஷம் காட்டவில்லை. உங்கள் முதல் படையின் சின்னமான திமிங்கிலத்தை ஆடுபோலக் கயிறு கட்டி இழுப்பதாகப் படம் தைத்து, அதைப் பிடித்து ஆட ஏகோவை இறக்கிவிட்டார்கள். படை என்பது அப்பன் வழி, அது அவன் அப்பன் படை. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உன் படைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல், பாட்டில், வெட்டுக்கத்தி, நாட்டுத் துப்பாக்கி. படகுத் தச்சன் ஜோஜோ பாய்ந்து வந்து கொடியைப் பிடித்தான். ஏகோ வெட்டினான். அந்தக் கொடியில் இப்போது திமிங்கிலமும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை, எல்லாம் ரத்தம்.

நம் வீட்டார் யாரும் போலீசிடம் சாட்சியாக உன் பெயரைச் சொல்லவில்லை. மகனே, துப்பாக்கிப் புகையில் எதுவும் தெரியவில்லை என்று நீயும் இருந்துவிடு. கேட்டால், ஜோஜோ கையிலும் கத்தி இருந்தது என்று சொல். நம் வழக்கத்தில் குடும்பம் தாய்வழி, உன் பிள்ளைகள் அவர்கள் அம்மா வீட்டுக்குச் சொந்தம். உனக்குப் பிறகு உன் இடத்தில் உட்கார நம் வீடு குறித்து வைத்திருப்பது உன் மருமகன் ஏகோவைத்தான். எசி தினமும், "அண்ணன் என்னம்மா சொல்லுச்சு?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

உன் அம்மா,
அபா மன்சா


அக்ரா,
24 செப்டம்பர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

ஏகோவை அடித்தது பற்றி மேலதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டேன். அவனுக்கு நல்ல வக்கீலாகப் பார்த்து நானே அனுப்புகிறேன்.

மற்றதை என்னால் செய்ய முடியாது. ஜோஜோவின் இரண்டு கைகளும் கொடித்துணியில்தான் இருந்தன. முதல் வெட்டு தோளில் விழுந்தது. தள்ளுமுள்ளில், கொடி பறிபோகிற வெறியில் விழுந்தது என்று நானே கோர்ட்டில் சொல்வேன். ஜோஜோ முழங்காலிட்டுவிட்டான். கொடியையும் விட்டுவிட்டான். "விட்டுட்டேன்டா, விட்டுட்டேன்" என்று கையைத் தூக்கினான். அதற்குப் பிறகுதான் கழுத்தில் இரண்டாவது வெட்டு. அதில்தான் உயிர் போனது. நிமிர்ந்தபோது ஏகோ என்னைப் பார்த்தான், அம்மா. "மாமா" என்று கூப்பிட்டான்.

போலீசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
க்வாமெனா


அபுராசா,
2 அக்டோபர் 1996

க்வாமெனா,

உன் கடிதத்தை எசியிடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

ராணுவ ஆட்சியில் சிப்பாய்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய், தீர்ப்பை மாற்றச் சொல்லி வலது கை விரல்களைப் பூட்ஸால் நசுக்கினார்கள். நீ இடது கையால் அதே தீர்ப்பில் கையெழுத்துப் போட்டாய். நான் சந்தை முழுக்கப் பெருமையடித்தேன். "மகன் விரல் போனதுக்கும் விருந்து வைப்பா போல இவ" என்று கேலி செய்தார்கள். உன் பிடிவாதம் அன்றைக்கு எனக்கு இனித்தது. அது இப்போது என் பேரன் கழுத்துக்கு வருகிறது.

கோர்ட்டுக்கு வராதே. காய்ச்சல் என்று எழுதிவிடு. அம்மா கேட்கிறேன். இதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அபா மன்சா


அபுராசா,
11 மார்ச் 1997

என் மகனுக்கு,

நீ வந்தாய், கூண்டில் ஏறினாய், சொன்னாய். நான் கடைசி பெஞ்சில்தான் இருந்தேன். "ஏகோ உங்களுக்கு யார்?" என்று வக்கீல் கேட்டபோது "என் வாரிசு" என்றாய். அதன் பிறகு உனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் நீதிபதி.

தூக்கு என்றதும் நீ காரில் ஏறிப் போய்விட்டாய். இங்கே நடந்ததைக் கேள். ஜோஜோவின் தம்பிகள் நம் வீட்டு முன்னால் பறையடித்து ஆடினார்கள். ஃபீஃபி துடுப்போடு இறங்கி ஒருவன் தாடையைப் பெயர்த்துவிட்டான். அவர்கள் இவன் முதுகைக் கிழித்தார்கள். இருபக்கமும் தையல்.

சாயங்காலம் குடும்பம் கூடியது. எசி உலக்கையை எடுத்து, கூடத்தில் மாட்டியிருந்த உன் நீதிபதிப் போட்டோவை அடித்தாள். "இந்த வாயிதானே சொல்லுச்சு! இந்த வாயிதானே!" என்று வாயிலேயே அடித்தாள். கண்ணாடிச் சில்லு என் காலில் ஏறியது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை.

பிறகு குடும்பத் தலைவர் கோப்பையில் மதுவை ஊற்றி என்னிடம் நீட்டினார். "மூத்தவ நீதான்க்கா. அவன் இனி நம்ம வீட்டு ஆளு இல்லன்னு சொல்லித் தரையில ஊத்து."

வாங்கினேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஏகோ நினைவுக்கு வந்தான். கையைத் தூக்கிய ஜோஜோவும் வந்தான். கோப்பையை ஒரே மடக்கில் நானே குடித்துவிட்டேன்.

"ஐயோ, என்னக்கா பண்ணிட்டே!"

"தாகமா இருந்துச்சு" என்றேன்.

இன்னொரு கோப்பை ஊற்ற அவருக்குத் துணிவில்லை. அதனால் இன்றுவரை நீ இந்த வீட்டு ஆள்தான். ஆனால் எசி இருக்கும்வரை இந்த வாசலுக்கு வராதே. வந்தால் உலக்கை உன் தலையில் விழும். நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவளும் நான் பெற்றவள்தான். ஏகோவுக்கு அப்பீல் போட்டிருக்கிறோம். உன் கோர்ட்டுக்குத்தான் வருமாம். அன்றைக்கு நீ அந்தப் பக்கமே போகாதே.

புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. சிவப்பு அங்கியும் வெள்ளை டோப்பாவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற சட்டையில் எடு, முகம் தெரிய வேண்டும். கூடத்தில் மாட்டப் போவதில்லை, என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அதனால் சின்னதாகவே இருக்கட்டும்.

அம்மா