கரையில் நின்று வீசிய தூண்டில்

என் மகளின் அப்பாவுக்கு,

உங்களைத் தொழுநோய் ஆஸ்பத்திரித் தீவுக்குக் கொண்டுபோன பிறகு, நோய் தொற்றிவிடும் என்ற பயத்தில் நம் தோணியை எவரும் தொடவில்லை. எனக்கோ அதை ஓட்டத் தெரியாது. நீங்கள் சொல்லியனுப்பியபடிதான் கரையிலிருந்து தூண்டில் போட்டேன். என் நிழல் தண்ணீரில் விழாமல் நின்று, உயிர் இறாலைக் குத்தி, ஓடை வாவியில் கலக்கும் இடத்தில் வீசினேன். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. நேற்று முழங்கை நீளத்தில் ஒரு கொடுவா மீன்! மகள் வயிறாரத் தின்றாள்.

நம் வீட்டு வளவுக்குள் கால்வைக்க அஞ்சிய பக்கத்து வீட்டுத் தெய்வானைப்பிள்ளை இன்று என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எனக்கும் தூண்டில் போடக் காட்டித் தாவன் புள்ள,” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான்.

நான் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் தீவு தெரிகிறது. விடியலில் கரைக்கு வாருங்கள். சிவப்புச் சேலை கட்டியிருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி