ஒன்பது பேரும் வந்தார்கள்

திங்கள், 4 அக்டோபர் 2010
தூறல். முழங்கால் வலி. தெகானி வந்தாள். நாற்பது வருஷத்துக்கு முன் பொலினேசியத் தீவில் என்னிடம் படித்தவள், அப்போது எட்டு வயது. இப்போது கழுத்தில் தையல் தழும்பு. தைராய்டில் புற்று. சிகிச்சைக்காக, பாரிஸுக்குப் பக்கத்தில் எபினேயில் மகள் வீட்டில்.

அந்தத் தீவில் யாரிடமும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். வாத்தியார் என்றால் 'மெத்ர்'. பிரெஞ்சில் சொன்னாள்: "நீ எழுதிக் குடுக்கணும், மெத்ர். அந்த வருஷம் நான் தீவிலேதான் இருந்தேன்னு."

பிரான்ஸ் அங்கே அணுகுண்டுச் சோதனை நடத்திய வருஷம். புதுச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க, அங்கே இருந்ததற்குச் சான்று வேண்டும். பள்ளிப் பதிவேடு புயலில் போய்விட்டதாம். சரி என்றேன். காபி கொடுத்தேன்.

செவ்வாய், 5
வாங்க: முருங்கைக்காய், மிளகு, பல்பு.
பெட்டிக்குள் பழைய நோட்டு. தமிழில் எழுதியது, அங்கே யாரும் படிக்க முடியாதென்று. பக்கம் கிடைத்தது.
"மழை. ஒன்பது பேரும் வந்தார்கள்." பெயர்கள் வரிசையாக. தெகானி ஐந்தாவது.
அதன் கீழே: "மழைத் தண்ணீர் குடிக்காதே என்று அப்பா சொன்னதாகத் தெகானி அடம். பயமில்லை என்று பட்டாளத்துக்காரர் சொல்லிப் போனாரே. உதாரணம் காட்டினேன். முதலில் நான் ஒரு தம்ளர். பிறகு அவள்."
குண்டு வெடித்த மறுநாள் மழை அது.
மூடி வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. சாப்பிட்டேன்.

வியாழன், 7
வெயில். பக்கத்தைப் பிரெஞ்சில் எழுதினேன். மேல் பாதி மட்டும். நஷ்டஈட்டு அலுவலகத்தில் யாருக்குத் தமிழ் தெரியும்?
புதுச்சேரியில் எனக்கு நடத்திய பாடத்தையே அங்கே நடத்தினேன். ஆறே இல்லாத தீவில், பிரான்சின் செய்ன் நதி எங்கே பிறக்கிறது என்று. அதில் சுறா உண்டா என்று கேட்டவள் தெகானி.

சனி, 9
லா ஷப்பேல், பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு. நகல் எடுக்கும் கடை. கடைக்காரர் யாழ்ப்பாணம். கீழ்ப் பாதியை வெள்ளைத் தாளால் மறைத்துக் கொடுத்தேன். தாள் நழுவியது. படித்துவிட்டார்.
"கீழை ஏதோ தண்ணி குடிச்ச கதை கிடக்கு, வாத்தியார். அதுவும் வரவேணுமோ?"
பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
"ஓம்" என்றேன். அவர் ஊர் 'ஆமாம்', என் வாயில் வராத சொல்.
வீட்டுக்கு வந்து மீதியையும் பிரெஞ்சில் எழுதினேன்.

ஞாயிறு, 10
எபினே. ரயிலில் கூட்டமில்லை. தெகானிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். தம்ளர் வரியில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அப்புறம் படிக்க முடியாது.
ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் மகள் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள்.
"ஞாபகம் இருக்கு. நீ குடிச்சே. அதான் நானும் குடிச்சேன்."
மன்னிப்பு என்று தமிழிலும் வரவில்லை, பிரெஞ்சிலும் வரவில்லை. தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.
"நீ டாக்டர்கிட்டே காட்டினியா, மெத்ர்?"
இல்லை.

திங்கள், 11
மேகமூட்டம். டாக்டர்: புதன், பத்தரை. நோட்டை எடுத்துப்போக வேண்டும்.